ஆறு போகும் வழியில் சைக்கிள் போகும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, மலையடிவாரத்தில் முந்தல் என்னும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. நேரே செல்வது பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறி, அப்பால் மூணாறுக்கும் கொச்சிக்கும் போகிறது. பேருந்து, லாரி, ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் எல்லாம் அந்த வழியில்தான். மற்றொன்று கொட்டக்குடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகிறது. போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அங்கே மலைச்சுவர் எதிரே நிற்க, நல்ல தார்ச்சாலை முடிந்துவிடுகிறது.

வண்டி நெரிசல் இல்லாத சாலை எங்கே கிடைக்கும் என்று தேடுகிற சைக்கிள்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சாலையில் எத்தனை வண்டிகள் ஓடும் என்பதை அதன் அகலத்தைவிட, அது எங்கே போய்ச் சேருகிறது என்பதே தீர்மானிக்கிறது. இரண்டு பெரிய ஊர்களை இணைக்கும் சாலையில் அந்த இரண்டு ஊர்களின் போக்குவரத்து முழுவதும் ஓடும். முட்டி நிற்கும் சாலையிலோ அந்த ஊருக்கு வேலையுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். தேனி மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்து, மலையில் போய் முட்டி நிற்கும் கோடுகளைத் தேடிப் பாருங்கள். சைக்கிளுக்கு உகந்த சாலைகள் பெரும்பாலும் அவையே.

சரி, நெரிசல் இல்லை. அடுத்து மேடு பள்ளம். இதைப் புரிந்துகொள்ளச் சைக்கிளை எதிர்க்கும் விசைகள் எவை என்று பார்க்க வேண்டும். நீங்கள் அறுபது கிலோ எடை, உங்கள் வண்டி சாமான்களோடு இருபது கிலோ, ஆக எண்பது கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல சமதளச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். டயர் தரையில் நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் உருளல் தடை ஏறத்தாழ 6 நியூட்டன். (ஒரு நியூட்டன் என்பது நூறு கிராம் எடைக்கல் கையை அழுத்தும் விசை அளவு.) காற்றைப் பிளந்துகொண்டு போவதற்கான தடையும் கிட்டத்தட்ட அதே 6 நியூட்டன்தான். மொத்தம் 12. அதாவது ஒன்றேகால் கிலோ எடையைத் தூக்கும் விசை எண்பது கிலோவை நகர்த்துகிறது! இதற்கு வேண்டிய திறன் சுமார் 50 வாட். ஒரு சாதாரண மேசை விசிறிக்குப் போதுமான திறன் இது. உடல்நலமுள்ள எவரும் மணிக்கணக்கில் இதைத் தர முடியும். ஒரு கிலோமீட்டர் நடக்கச் செலவாகும் சக்தியில் கால் பங்குதான் அதே தூரத்தைச் சைக்கிளில் கடக்கத் தேவைப்படுகிறது.

இப்போது அதே சாலையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். இருபது மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். கண்ணுக்கு இது பெரிய மலையாகவே தெரியாது. ஆனால் மேலும் 39 நியூட்டன் எதிர்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. பன்னிரண்டாக இருந்தது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பழைய வேகத்திலேயே போக வேண்டுமானால் நான்கு மடங்குக்கு மேல் திறன் வேண்டும். பந்தயக்காரருக்குத்தான் அது நெடுநேரம் இயலும். ஆகவே சைக்கிள் பயணத்தில் தூரம் ஒரு பெரிய விஷயமே அல்ல. உயரந்தான் விஷயம்.

இங்கேதான் ஆறு நமக்குத் துணைக்கு வருகிறது. ஆறு என்பது மலையிலிருந்து கடலுக்கு இயற்கை தானே அளந்து போட்ட பாதை. தண்ணீர் மேடேறாது, ஆகவே ஆற்றங்கரையோடு போகிறவன் இடையிலே ஒரு குன்றை ஏறி இறங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம்வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் முல்லையாற்றின் பள்ளத்தாக்கு சுமார் நூறு மீட்டர்தான் உயர்கிறது. நானூறு மீட்டருக்கு ஒரு மீட்டர்! கூடுதல் எதிர்ப்பு இரண்டு நியூட்டன். காலுக்கு இது அதிகம் தெரியாது. கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை; இரண்டும் ஆயிரம் மீட்டருக்குமேல் எழுந்து நிற்க, நடுவே இப்படி ஒரு சமவெளி அமைந்திருப்பது நம்முடைய நற்பேறு.

ஐரோப்பாவில் இந்த உண்மையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னாவரை டான்யூப் நதியோரமாக 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. இவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் சுமார் 140 மீட்டர்தான். இந்தப் பாதையின் பல பகுதிகள் சைக்கிளுக்காகப் போடப்பட்டவை அல்ல. நீராவிப் படகுகள் வருவதற்கு முன் சரக்குப் படகுகளை ஆற்றை எதிர்த்து இழுத்துச் செல்லக் குதிரைகள் நடந்த கரைவழிகள் அவை. குதிரைக்குத் தோதான சரிவு சைக்கிளுக்கும் தோதாக இருந்ததில் வியப்பில்லை. கைவிடப்பட்ட இரயில் பாதைகளையும் அவர்கள் விடவில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும். அதனால் இரயில் வழிகள் மிக மெல்லிய சரிவிலேயே அமைக்கப்படுகின்றன. தண்டவாளத்தை எடுத்துவிட்டால் அருமையான சைக்கிள் பாதை மிஞ்சும். ஐபெல் மலைப்பகுதியிலிருந்து மோசல் ஆற்றின் திராட்சைச் சரிவுகளுக்கு இறங்கும் மாரே–மோசல் பாதை அப்படிப் பிறந்ததே. (நம் மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் 2010 இறுதியில் வண்டிகள் நின்றபோது, அதுவும் அப்படி ஆகிவிடுமோ என்று தோன்றியிருக்கலாம். நல்லவேளையாக 2023 ஜூனில் அகலப் பாதையாகி இரயில் மீண்டும் போடிக்கு வந்துவிட்டது. சைக்கிளைவிட இரயில் இருப்பதே ஊருக்கு நல்லது.)

திராட்சை என்றதும் ஒரு கேள்வி எழும். ஐரோப்பாவில் ஆற்றோரங்களில் திராட்சை. நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆற்றோரத்தில் திராட்சை. காரணம் ஒன்றுதானா?

இல்லை, ஏறத்தாழ நேர் எதிரான காரணங்கள். மோசல் பள்ளத்தாக்கு குளிர் நாட்டில் இருக்கிறது. அங்கே திராட்சை பழுக்க வெப்பம் போதாது. ஆகவே தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவைத் தேடி நடுகிறார்கள். சாய்ந்து வரும் சூரிய ஒளி சரிவான நிலத்தில் நேராக விழுகிறது. கரும்பலகைக் கல் பகலில் சூடேறி இரவில் அதை மெல்ல விடுகிறது. கம்பத்திலோ வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே வேண்டியது வறண்ட வானம். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்கு மலை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. மலைக்கு மேலே ஏலக்காய் வளரும் ஈரம். சில கிலோமீட்டர் கீழே இலையில் பூசணம் பிடிக்காத வறட்சி. ஆனால் வறட்சி மட்டும் இருந்தால் போதுமா? தண்ணீரும் வேண்டும். அதை 1895 முதல் பெரியாறு அணை தருகிறது. பென்னிகுவிக் கட்டிய அந்த அணையில் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் பக்கம் இறங்கிப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மேலே மழையில்லை, காலடியில் தண்ணீர் உண்டு. திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு விந்தையும் உண்டு. குளிர் நாட்டில் கொடி பனிக்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கும். இங்கே அதை உறங்கவைக்கப் பனி இல்லை. விவசாயி கவாத்துக் கத்தியால் எப்போது வெட்டுகிறாரோ அப்போது அது துளிர்க்கிறது. சுமார் நான்கு மாதத்தில் பழம் தருகிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஆகவே எந்த மாதம் போனாலும் எங்கேனும் ஒரு பந்தலில் பன்னீர்த் திராட்சை கருநீலமாகத் தொங்குவதைக் காணலாம். 2023ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று மேகமலை அடிவாரத்து ஊர்களை இணைக்கும் கிளைச் சாலைகளில் போனால் கல்தூண்களும் கம்பிப் பந்தல்களுமாக இருமருங்கும் தோட்டங்கள். பெரிய சாலையில் போகாதீர்கள். அதிலும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் வாகனங்கள் குமுளியை நோக்கி இரவு பகலாக ஓடும்.

சைக்கிளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் உண்மையான எதிரி மலை அல்ல, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று புகுந்து வரும் கணவாய்கள் சில உண்டு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, அவற்றோடு கம்பம். தேனிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதன் காரணம் இதுவே. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் உயர்கிறது. எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீச, நீங்களும் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உங்கள் உடலைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 30. தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு! ஐம்பது வாட் போதுமாயிருந்த இடத்தில் சுமார் 130 வாட் வேண்டும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர்வரை பயணம் செய்வோர் கம்பத்திலிருந்து தேனியை நோக்கி வருமாறு திட்டமிடுவது அறிவுடைமை. கம்பம்வரை பேருந்தில் போய், சைக்கிளை அதன் கூரையில் ஏற்றிக்கொள்ள நடத்துநரை இணங்கவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

பள்ளத்தாக்கில் இன்னும் பயன்படுத்தப்படாத ஒரு செல்வம் இருக்கிறது: கால்வாய்க் கரைகள். லோயர் கேம்ப் பக்கமிருந்து மேற்கு மலையடிவாரமாக வரும் பதினெட்டாம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். மண் கால்வாயில் தண்ணீர் வேகமாக ஓடினால் கரையை அரிக்கும். மெதுவாக ஓடினால் வண்டல் படியும். ஆகவே பொறியாளர் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைந்த சரிவைக் கணக்கிட்டு, மலையின் மடிப்புகளைச் சுற்றிச் சுற்றிக் கால்வாயைக் கொண்டு வருகிறார். அந்தக் கரை ஆற்றங்கரையைவிடச் சமமானது. ஊர் நடுவே நுழைவதில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். ஆனால் அது பொதுப் பாதை அல்ல. நீர்வளத் துறையினர் மதகுகளைப் பார்வையிடவும் கரையைச் செப்பனிடவும் உள்ள வழி அது. பல இடங்களில் கரை மண் இளகியிருக்கும்; தடுப்பு கிடையாது; பக்கத்தில் விழுந்தால் ஓடும் நீர். இரண்டு மீட்டர் அகலத்துக்குச் செம்மண் இறுக்கி, தண்ணீர்ப் பக்கம் ஒரு வேலி போட்டால், கம்பத்துப் பள்ளிப் பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் பள்ளிக்குப் போய் வர ஒரு வழி கிடைக்கும். உல்லாசப் பயணிகளைவிட அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை என்பது என் கருத்து.

இனிக் குரங்கணிக்கு ஏறுவோம். முந்தலைக் கடந்ததும் சாலை ஆற்றை விட்டு விலகுவதில்லை. ஆனால் இது மலை ஆறு, சரிவு கூடுகிறது. இங்கே உங்கள் சாதாரணச் சைக்கிளின் குறை தெரியவரும். முன்னே 44 பற்கள், பின்னே பிரீவீலில் 18 பற்கள், 28 அங்குலச் சக்கரம் என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் முன்னேறும். சமதளத்தில் இது அருமையான அளவு. இருபதுக்கு ஒன்று ஏற்றத்திலோ 75 வாட் தரும் ஒருவர் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான் போக முடியும். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 18 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பெடலில் சராசரியாக 24 கிலோ எடையை வைத்ததுபோல் அழுத்த வேண்டும். கால் கீழே போகும்போது மட்டுமே நாம் பலமாக அழுத்துகிறோம் என்பதால் உண்மையில் நாற்பது கிலோவையும் தாண்டும். எழுந்து நின்று உடல் எடை முழுவதையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டியதாகிறது. முழங்கால் இதை நெடுநேரம் தாங்காது.

கியர் வண்டி என்ன செய்கிறது? வேலையைக் குறைப்பதில்லை, வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டித் தருகிறது. முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் இருக்குமாறு மாற்றினால், ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர். அதே ஆறு கிலோமீட்டர் வேகம், அதே 75 வாட். ஆனால் நிமிடத்துக்கு 45 சுற்று, ஒவ்வொன்றிலும் பத்துக் கிலோ அழுத்தம். ஒரு மூட்டை நெல்லை ஒரேயடியாகத் தூக்குவதற்கும் மரக்கால் மரக்காலாக எடுத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கியர் இல்லாதவர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆறு கிலோமீட்டர் என்பது வேகமான நடைதானே!

எவ்வளவு உணவு செலவாகும் என்று அறிய ஆவலா? போடிமெட்டுக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். எண்பது கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கும் வேலை 187 கிலோ கலோரி. நம் தசைகள் உண்ட உணவில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே 750 கிலோ கலோரி, அதாவது பதினைந்து இட்லி. மிச்ச முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்றச் சுமார் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். மழைமறைவுப் பகுதியின் வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் வியர்த்ததே தெரியாது. இதுதான் ஆபத்து. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்பிட்ட மோரோ தண்ணீரோ அடிக்கடி குடித்துக்கொண்டே ஏறுங்கள்.

சாலை முடியும் குரங்கணியில் நிமிர்ந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் மலைமுகடு தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது? மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் அங்கே வந்து, கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டக்குடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிக்குப் போயிற்று. வடத்தின் மேல் நிலையம் டாப் ஸ்டேஷன் ஆயிற்று. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயிலை அழித்துவிட்டது. நீங்கள் ஏறி வந்த வழி, ஒரு காலத்தில் தேயிலை இறங்கிய வழி.

இந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் புல்மலையில் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமதளத்தில் எரியும் தீயிடமிருந்து ஓடித் தப்பச் சில வேளை வாய்ப்பு உண்டு. சரிவில் நிலைமை வேறு. தீச்சுவாலை மேலே உள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, அதைத் தொடுமுன்னரே வெப்பத்தால் உலர்த்திவிடுகிறது. பத்து டிகிரி சரிவு கூடினால் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் அறிந்த கணக்கு. இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. மனிதனோ சரிவில் ஏற ஏற மெதுவாகிறான். இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை வரும்வரை புல் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் சாலையை விட்டு விலகவே கூடாது. மற்ற மாதங்களிலும் காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். டிசம்பரும் ஜனவரியும் குரங்கணிச் சாலைக்கு ஏற்ற மாதங்கள்.

இறக்கம் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ஏறும்போது நீங்கள் சேர்த்த நிலை ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்கேயாவது போயாக வேண்டும். இருபதுக்கு ஒன்று சரிவில் பிரேக்கே பிடிக்காமல் விட்டால் காற்றின் தடை உங்களை மணிக்கு 35 கிலோமீட்டரில்தான் நிறுத்தும். வளைவுகளில் அது ஆகாது. 15 கிலோமீட்டரில் அடக்கி இறங்கினால் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பிரேக் கட்டை வழியாக ரிம்முக்குப் போகிறது. ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கு இது ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம்! தொடர்ந்து ஒரே பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்தால் ரிம் சூடேறி, டியூபில் ஒட்டிய பஞ்சர் ஒட்டு இளகக்கூடும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இடையிடையே நின்று ஆறவிடுங்கள். நிற்க வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் முன் பிரேக்கே அதிகம் பற்றும். ஆனால் அதைத் திடீரென்று மட்டும் அழுத்தினால் பின்சக்கரம் தூக்கிவிடும்.

குரோமியம் பூசிய இரும்பு ரிம் உள்ள வண்டியில் வருவோர் மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். ஈரமான இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டையின் பிடிப்பு பல மடங்கு குறைந்துவிடும். சாரல் விழுந்தாலோ, சாலையில் ஓடும் நீரைக் கடந்தாலோ, வளைவு வருமுன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டபடி சிறிது தூரம் ஓட்டி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பிடிப்பு வரவில்லையென்றால் முந்தல்வரை இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.